கேன்சல் ஆகாத டிக்கெட்

பஸ் நிலையத்து முன்பதிவு அறையில் அவள் வேலை பார்த்த காலம் முழுக்க எல்லோரும் அவளைக் ‘கவுண்டர் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும், கேன்சல் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், அந்தத் தையற்காரரின் முகம் அவள் கண்முன் வந்து நின்றுவிடும்.

அப்பா விட்டுப்போன தையல் மிஷின் யாருக்கு என்று அண்ணனோடு சண்டை போட்டு, பேச்சுவார்த்தையே இல்லாமல் போனவர் அவர். வெள்ளிக்கிழமைதோறும் காலை ஆசையாக வந்து, அண்ணன் ஊருக்கு மாலை வண்டியில் டிக்கெட் எடுப்பார். மதியம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

“கேன்சல் பண்ணிடும்மா. ஸ்கூல் யூனிஃபார்ம் வந்து குவிஞ்சிடுச்சு.”

அவள் டிக்கெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுக்கும்போதே அவர் விஷயத்தைச் சொன்னார். “அண்ணன் நாளைக்கு மகளோட வெளிநாடு போறாராம்மா. இனி அங்கேயேதானாம்.”

மதியம் சாயும் நேரத்தில் அதே தலை கவுண்டர் கம்பிக்கு வெளியே தெரிந்தது. வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்வரைதான் கேன்சல் செய்ய முடியும். அந்தக் கெடு முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் வாய் இருந்தது. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அகராதி புரட்டுகிற பழக்கமும் இருந்தது.

“அண்ணே, கேன்சல்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியாமலா வாராவாரம் பண்றேன்?”

“அது லத்தீன்லேர்ந்து வந்ததுண்ணே. அங்க கம்பித் தடுப்புன்னு அர்த்தம். இதோ, நமக்கு நடுவுல இருக்கே, இது மாதிரி.”

“கம்பிக்கும் டிக்கெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

ஆள் மாட்டிக்கொண்டார்.

“எழுதினது வேண்டாம்னா அந்தக் காலத்துல அது மேல குறுக்கும் நெடுக்குமா கோடு அடிச்சுடுவாங்க. பார்க்கக் கம்பித் தடுப்பு மாதிரியே இருக்கும். அப்படித்தான் அடிச்சுடறதுக்கு அந்தப் பேரு வந்துச்சு. அப்புறம் மீட்டிங், பயணம், ஆர்டர்னு எதை வேண்டாம்னாலும் அதே வார்த்தை. ஸ்டாம்பு மேல முத்திரை குத்தறாங்களே, அதுவும் கேன்சல்தான்.”

“அடேங்கப்பா!”

“இன்னும் கேளுங்க. கோர்ட்டுல அந்தத் தடுப்புகிட்ட நின்னவருக்கு வந்த பேருதான் சான்சலர்.”

“அப்போ கம்பிக்குப் பின்னாடி இருக்கிற நீயும் சான்சலரா?” விழுந்து விழுந்து சிரித்தார்.

பின்னால் நின்ற ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “சான்சலரம்மா, எனக்கு டிக்கெட்டைக் குடுத்துட்டுப் பாடம் நடத்துங்க!”

அந்த டிக்கெட்டையும் ஆற அமரக் கொடுத்துவிட்டுத்தான் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நேரம் தாண்டிடுச்சேண்ணே. இனிமே காசு வராது.”

“அடிப்பாவி! பேசியே கவுத்துட்டியே!”

டிக்கெட்டை வீணாக்க மனசு வராமல், திட்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறினார்.

அவளுக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. போன இடத்தில் அண்ணன் மூஞ்சியில் அடித்த மாதிரி எதையாவது சொல்லிவிட்டால்? திங்கட்கிழமை தையற்காரர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னண்ணே சொன்னாரு?”

“கதவைத் திறந்து, ‘என்னடா இவ்ளோ லேட்டு’ன்னாரு. அவ்வளவுதாம்மா. ஏர்போர்ட் வரைக்கும் கையை விடல.”

அதற்குப் பிறகு அந்தக் கவுண்டரில் அவருக்கு வேலை இருக்கவில்லை. அவள்தான் ரொம்ப நாள், வெள்ளிக்கிழமை மதியமானால், வரிசையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.