யானை தேர்ந்தெடுத்த ஃபோல்டர்

அலுவலகத்தில் அவளுக்கு டொக்டொக் என்று பெயர். திறந்தே கிடக்கும் கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். கதவே இல்லாத இடமென்றால் சுவரைத் தட்டுவாள். ஒருநாள் சொந்த வீட்டுச் சமையலறையைத் தட்டிவிட்டு, உள்ளே யாரும் இல்லாததால் பதில் வராமல் வெளியிலேயே நின்றாளாம். இது அவள் கணவன் சொன்னது. அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். மிச்சப் பாதியே போதுமானதாக இருக்கிறது.

இப்படிப்பட்டவள் எழுதும் மென்பொருளும் அவளைப் போலத்தானே இருக்கும்? நாடகக்காரர்களுக்கென்று கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு செயலியை எழுதினாள். எந்தக் காட்சிக்கு எந்தப் பாட்டு, எங்கே இடி, எங்கே கழுதைக் கத்தல் என்று அடுக்கி வைத்துவிட்டால் போதும். ஒரு பட்டனைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக ஒலிக்கும். அந்தச் செயலியை சாண்ட்பாக்ஸுக்குள் வைத்தே தீருவேன் என்றாள். சாண்ட்பாக்ஸ் என்றால் செயலிக்கென்று ஒதுக்கிய ஒரு தனி அறை. அறைக்குள் அது என்ன ஆட்டம் வேண்டுமானாலும் போடலாம். வெளியே இருக்கும் ஃபைல் எதையும் தானாகப் போய்த் தொட முடியாது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் தன் கையால் ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அது மட்டும் கிடைக்கும்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் லிஃப்ட் வரும்வரை பட்டனை விடாமல் குத்திக்கொண்டே இருக்கும் ஜாதி.

“எதுக்கும்மா இந்தச் சுத்துவழி? மொத்த டிஸ்க்கையும் ஒரே தடவையில கேட்டு வாங்கிடு. எல்லாரும் ஓகே அழுத்திட்டுப் போயிடுவாங்க. யாரு படிச்சுப் பாக்கறா?”

“படிக்காம அழுத்துவாங்கன்னுதான் சார் பயமே. பாட்டுப் போட வந்தவன் பீரோவைத் திறந்து பாக்கலாமா?”

“நாம என்ன திருடவா போறோம்?”

“திருடப் போறதில்லைன்னா சாவி எதுக்கு சார்?”

வாதத்தில் தோற்கும் முதலாளிகள் நிபந்தனை போடுவார்கள். “சரி, உன் இஷ்டம். ஆனா இதனால ஒரே ஒரு ஷோ நின்னாலும், மறுநாளே மொத்த டிஸ்க்தான். அப்புறம் என் கதவைத் தட்டிக்கிட்டு வரக் கூடாது.”

முதல் ஷோ அவளுடைய நாத்தனாருடையது. கணவனின் தங்கை, குழந்தைகளுக்கு நாடகம் போடுகிறவள். அந்த நாடகத்தில் அவள் யானையின் முன்பாதி. பின்பாதிக்கு ஆள் கிடைக்காததால் அண்ணனைப் பிடித்து உள்ளே போட்டிருந்தாள். “இந்தக் குடும்பத்துல எனக்குன்னு ஒதுக்கின இடம் இதுதான்” என்று அவன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒத்திகையில் பாட்டு ஃபோல்டரை நாத்தனாரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். எல்லாம் கச்சிதம். பிறகு நாத்தனார் யாருமே எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். தன் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

சிரிக்காதீர்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். டொக்டொக்கின் மேஜையில் அந்தச் செயலி மாதக்கணக்காக மூடப்படாமலே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அதை மூடினால் வாங்கிய அனுமதியும் அதோடு மறந்துபோகும் என்பது அதை எழுதியவளுக்கே தெரியாது.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. முதலாளி மகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தார். மேடைக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும் இடத்தில், ஒலி மேஜை. அங்கே நாத்தனாரின் கம்ப்யூட்டரோடு டொக்டொக். பாட்டுகளின் பெயரெல்லாம் திரையில் ஒழுங்காக நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் பாட்டோடு யானை வரவேண்டிய நேரம். டொக்டொக் பட்டனைத் தட்டினாள்.

‘மன்னிக்கவும். இந்த ஃபைலைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை’ என்றது செயலி. அவளே எழுதிய வாக்கியம். எவ்வளவு மரியாதையாக இருக்கிறது என்று எழுதிய அன்று பெருமைப்பட்டிருந்தாள்.

ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும் ஜன்னலைத் திறந்தாள். ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’, ‘கடைசி’, ‘நிஜமாவே கடைசி’, ‘திறக்காதே’. வேறு யாராக இருந்தாலும் ஒவ்வொன்றாகக் குடைந்திருப்பார்கள். அவளுக்கு மனம் வரவில்லை. மேடையின் பக்கவாட்டுக்கு ஓடி, அட்டையும் துணியுமாக நின்ற யானையின் விலாவைத் தட்டினாள். டொக், டொக்.

“யாரு?” என்றது பின்பாதி.

“நான்தான்.”

“புருஷனைக் கூடவா தட்டிட்டு வரணும்?”

“உங்ககிட்ட இல்லை. முன்பாதிகிட்ட பேசணும்.”

“இங்கேயும் அப்படித்தானா!”

“என்ன அண்ணி, மியூசிக் எங்கே?” என்றது முன்பாதி.

“பாட்டெல்லாம் எந்த ஃபோல்டர்ல வெச்சிருக்கே?”

“‘திறக்காதே’ல. அண்ணன் நோண்டாம இருக்கட்டும்னு அப்படிப் பேர் வெச்சேன். சும்மா திறங்க.”

“உள்ளே வேற என்ன இருக்கு?”

முன்பாதி குரலைத் தாழ்த்தியது. “பழைய போட்டோ கொஞ்சம். அப்புறம்... கவிதை.”

“கவிதையா?” என்று பின்பாதி துள்ளியது.

“நீ பேசாதே. நீ பின்னங்காலு.”

“அப்போ நான் திறக்க மாட்டேன்” என்றாள் டொக்டொக். “நீயே வந்து பாட்டு ஃபோல்டரை மட்டும் எடுத்துக் குடு.”

“தலையை முதுகோட சேர்த்துக் கட்டியிருக்கு அண்ணி! கழட்டுறதுக்குள்ள ஜனங்க வீட்டுக்குப் போயிடுவாங்க!”

“தலை எதுக்கு? தும்பிக்கை போதும்.”

யானை அசைந்து அசைந்து படியிறங்கியது. முன்னங்கால்கள் தரைக்கு வந்த பிறகுதான் பின்னங்கால்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அதற்குள் பின்பாதி படியில் உட்கார்ந்துவிட்டது. அரங்கம் அதிர்ந்தது. யானை ஒலி மேஜைக்கு வந்து, வாய் வழியாகத் திரையை உற்றுப் பார்த்தது. தும்பிக்கை நுனியிலிருந்து ஒரு விரல் எட்டிப் பார்த்தது.

“அம்மா, யானை கம்ப்யூட்டர் போடுது!”

“பாஸ்வேர்டை மறந்துடுச்சு போல!”

“கீழே! இன்னும் கீழே!” என்று முதலாளியின் மகள் மடியிலிருந்து நழுவி நின்றுகொண்டு கத்தினாள். மற்ற குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். யானை சொல்பேச்சுக் கேட்டுக் கீழே போய், ‘திறக்காதே’யைத் திறந்து, அதற்குள் ‘பாட்டு’ என்று இருந்ததைத் தொட்டு, சரி என்பதை அழுத்தியது.

முரசு முழங்கியது. கைதட்டலில் அதுவும் கேட்கவில்லை. யானை ஆடிக்கொண்டே மேடையேறியது, முன்பாதி ஒரு தாளத்திலும் பின்பாதி இன்னொரு தாளத்திலுமாக.

நாடகம் முடிந்ததும் வேஷம் கலைக்கும் அறையில் டொக்டொக் விரல் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. டொக், டொக் என்று சத்தம். முதலாளி.

“உள்ளே வரலாமா?”

“சார், அது நாடகத்துல இல்லை. என் தப்பு. செயலியை மூடினா அனுமதி மறந்துபோகுது.”

“தெரியும்மா. நீ ஓடின ஓட்டத்தைப் பார்த்தேனே. அதை ஞாபகம் வெச்சுக்க ஏதாவது வழி இருக்கா?”

“இருக்கு சார். சொந்தக்காரர் ஒரு தடவை குடுத்ததைப் பத்திரமா எழுதி வெச்சுக்கலாம். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும்.”

“அதைச் செய். மொத்த டிஸ்க் பேச்சை விட்டுட்டேன். கேட்காம எடுத்திருந்தா யானை எதுக்கு இறங்கி வந்திருக்கும்? என் பொண்ணு இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்கா.”

அந்த வாரமே சரிசெய்து அனுப்பினாள். அனுப்பிய கையோடு நாத்தனாரிடமிருந்து போன்.

“என்ன அண்ணி, இது இப்போ அனுமதி கேட்கவே மாட்டேங்குது! தும்பிக்கைக்கு வேலையே இல்லை. குழந்தைங்க அந்தக் காட்சி எங்கேன்னு கேக்கறாங்க!”

அதனால் செயலியில் ‘மறந்துவிடு’ என்று ஒரு பட்டன் சேர்ந்தது. ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் நாத்தனார் அதை அழுத்துகிறாள். யானை படியிறங்கி வந்து அனுமதி கொடுத்துவிட்டுப் போகிறது. பின்பாதிதான் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து மனைவியை நச்சரிக்கிறது.

“அந்தக் கவிதையில என்னதான் எழுதியிருக்கா? நீ பக்கத்துலதானே நிக்கறே, ஒரு வரிகூடக் கண்ணுல படலையா?”

“பட்டிருந்தாலும் சொல்ல மாட்டேன். போய் உங்க தங்கச்சி கதவைத் தட்டுங்க.”