ரைன் ஆற்றங்கரைக்கு ஒரு நேர்காணல்

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, முப்பத்தொன்பது வயதில் ஜெர்மன் படிக்க உட்கார்ந்தேன். இந்த வயதில் இவளுக்கு எதற்கு இது என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. பரீட்சையில் பாஸானேன். ஆனால் ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று வீடியோவில் நடத்திய நேர்காணலில், எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டபோது வாயடைத்துப்போனேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு வீட்டில் கொலோன் பேச்சுதான். என் கணவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டுகிறவர். காய்கறி லோடு இறக்கிவிட்டு வந்து, தமிழ் எழுத்தில் எழுதிவைத்த ஜெர்மன் கேள்விகளை வாசிப்பார். நான் பதில் சொல்ல வேண்டும். ரோமானியர்கள் உண்டாக்கிய ஊர், வயது இரண்டாயிரத்துக்குக் கிட்டே. நடுவே ரைன் ஆறு. கரையில் இரட்டைக் கோபுரப் பேராலயம், கட்டி முடிக்க அறுநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. போரில் குண்டு விழுந்து ஊர் நாசமானபோதும் அது நின்றது. கார்னிவல் திருவிழா சமயத்தில் ஒரு வியாழக்கிழமை, பெண்கள் கத்தரிக்கோலோடு கிளம்பி ஆண்களின் டையை வெட்டுவார்களாம். அதைக் கேட்டதும் அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு, நல்லவேளை, நமக்கு டை கிடையாது என்றார்.

இரண்டாம் நேர்காணல் குற்றால சீசன் நேரத்தில், ஒரு சாரல் மத்தியானம் வந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். கடகடவென்று ஒப்பித்தேன். இதெல்லாம் எல்லாரும் சொல்கிறார்கள், உங்களுக்கு எங்கள் ஊரில் எது பிடித்தது என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது.

உங்கள் ஆறுதான் என்றேன். வெள்ளம் கரையோர வீட்டுக்குள் வருகிறது. எவ்வளவு ஏறியது என்று சுவரில் குறித்துவிட்டு, கழுவித் துடைத்து, அங்கேயே இருக்கிறீர்கள். எங்கள் குற்றாலத்திலும் அருவியில் தண்ணீர் கூடினால் போலீஸ் எல்லாரையும் வெளியேற்றிவிடும். ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டோம். தலை நிறைய எண்ணெயோடு மழையில் மணிக்கணக்காக நிற்போம். தண்ணீரைக் கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும் என்றேன். இலக்கணம் கண்டபடி உடைந்தது. நான் நிறுத்தவில்லை.

எண்ணெயோடவா என்று கேட்டுச் சிரித்துவிட்டார் அந்த அம்மாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, எப்போது வர முடியும் என்றார்.

அத்தனை கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன், இதற்கு மட்டும் இல்லை. இந்த மனிதரை விட்டுவிட்டு எப்போது கிளம்புவேன் என்று நான் யோசித்ததே இல்லை. கதவருகே நின்ற கணவரைப் பார்த்தேன். இத்தனை நாள் கேள்வி வாசித்தவருக்கு அந்த ஜெர்மன் கேள்வி புரிந்துவிட்டது. கண் கலங்கியிருந்தது. முகத்திலோ அப்படி ஒரு பெருமை.

"என்னட்டி முழிக்குத?" என்றார். "சீக்கிரம் வாரேன்னு சொல்லு."