கடைசிப் பக்கத்தில் வீடு

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் ஒரே தம்பிக்கு, ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பார். காசிமேட்டில் ஐஸ் உடைத்தார், ஆறு மாதம். எண்ணூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டினார், மூன்று மாதம். பிறகு துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். அங்கேதான் வந்தது வினை. வெளியே தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தவருக்கு, உள்ளே ஏறி அப்படியே போய்விட வேண்டும் என்ற கிறுக்குப் பிடித்துவிட்டது.

அம்மா விடுவாளா? மணலியில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை சொல்லி வைத்தாள். அதோடு நிற்காமல், மாமா யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்து, பாலிதீன் பையில் சுற்றி அரிசி டிரம்மின் அடியில் புதைத்துவிட்டாள். மாமா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார். அரிசி அளந்து போடுவது என் வேலை என்பதால் எனக்கு மட்டும் இடம் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்பவள்தான்.

அந்தச் சமயத்தில்தான் மாமா எனக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். ஜப்பானிலிருந்து வந்த கப்பலின் சமையல்காரர் கொடுத்ததாம். செங்கல் கனத்துக்கு ஒரு படக்கதை. வாளைச் செருகிக்கொண்டு ஊர் ஊராக அலையும் ஒருவனின் கதை. எழுத்து ஒன்றும் புரியாது. ஆனால் படத்துக்குப் பாஷை எதற்கு? பள்ளிப் புத்தகத்தைத் திறப்பதுபோலத் திறந்து படித்தேன். முதலில் அவன் பனியில் தனியாக நிற்கிறான், உடம்பெல்லாம் காயம். பிறகு சண்டைகள். பக்கம் புரளப் புரளக் காயங்கள் ஆறிக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரு வீடு. வாசலில் அவன் மனைவி அழுகிறாள். சின்னப் பெண் ஒருத்தி அவன் உடையைப் பிடித்துத் தொங்குகிறாள். அப்பா வந்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த படத்தில் அவன் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறான். எனக்கு நிம்மதியாக இருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஒன்று மட்டும் இடித்தது. பக்க எண்கள் இருநூறில் ஆரம்பித்து ஒன்றில் முடிந்தன. மாமாவிடம் கேட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ராக்கெட் வுடும்போது பத்து, ஒம்போது, எட்டுன்னு எண்றாங்கல்ல? ஜப்பான்காரன் புக்கும் அப்டித்தான் பாப்பா.”

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டைமாடியிலிருந்தே புகை தெரியும். அதனால் உடனே நம்பினேன்.

பிறகு எதிர்வீட்டு டிவியில் அதே வாள்வீரன் பொம்மைப்படமாக வந்தான். தெருப் பிள்ளைகளோடு ஓடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கதை தெரிந்தவள் என்ற திமிர் வேறு. படம் ஆரம்பித்ததும் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வாளை எடுத்தான். சின்னப் பெண் அவன் உடையைப் பிடித்துத் தொங்கினாள். அவள் விரல்களைப் பிரித்துவிட்டு அவன் நடந்தான். படத்தைத் தலைகீழாகப் போடுகிறார்கள் என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் மாமா வழக்கம்போல உலாத்திக்கொண்டிருந்தார். மறுநாள் மணலி வேலையில் சேர வேண்டும். அதே நாளில்தான் ஒரு கப்பலில் ஆள் எடுக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நடந்ததை அழுகையோடு சொன்னேன்.

“டிவிக்காரன் மாத்திப் போட்டுட்டான். உன் புக்குல கீறதுதான் கரீட்டு” என்றார். பிறகு என் எதிரே உட்கார்ந்தார். மாமா உட்கார்ந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது. பாஸ்போர்ட் எங்கே என்று மெதுவாகக் கேட்டார்.

நீ திரும்பி வருவாயா என்று கேட்டேன்.

“உன் புக்குல அவன் இன்னா பண்றான்?”

“வூட்டுக்கு வந்துர்றான்.”

“அப்பறம் இன்னா?”

அம்மா குழாயடியில் இருந்தாள். நான் டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். கையெல்லாம் அரிசி மாவு ஒட்டியிருந்தது. அதை மாமாவே தன் லுங்கியால் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மணலிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற சாலையில், லாரிகளுக்கு இடையே புகுந்து போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் அம்மா அப்பாவைத்தான் சந்தேகப்பட்டாள். ஒரு மாதம் அவரோடு பேசவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

மாமாவிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. பிறகு அதுவும் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது, ஜப்பான் புத்தகத்தை நாம் முடிக்கிற பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும் என்று ஒரு தோழி சொன்னாள். மாமாவுக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் ராக்கெட் கதை சொல்லியிருக்கிறார். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் தன் லுங்கியால் என் கையைத் துடைத்துவிட்டதும் கூடவே நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

ஆனால் அவர் போன அன்று எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மா வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து, பக்க எண்களைச் சத்தமாகப் படித்தேன். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. இதோ வீடு வந்துவிட்டது. எண்ணி முடித்தால் ராக்கெட் கிளம்பிப் போய்விடும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.