கல்யாண உடையைப் போட்டுப் பார்த்தது யார்?

மணிலாவில் தோந்தோ பக்கம் கல்யாண உடை தைக்க என்றால் செபெரினாதான். ஸ்பானியத் துரைசானிகள்கூட வண்டி அனுப்பி அவளைக் கூட்டிப்போவார்கள். ஒன்று மட்டும் எந்த மணப்பெண்ணும் செய்யமாட்டாள்: தன் கல்யாண உடையை முன்கூட்டிப் போட்டுப் பார்க்கமாட்டாள். போட்டால் கல்யாணம் நின்றுபோகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அதே உடல்வாகுள்ள இன்னொருத்திக்குப் போட்டு அளவு பார்ப்பார்கள். அந்த இன்னொருத்தி பெரும்பாலும் செபெரினாவின் மகள் லோலெங்தான். ஊரார் உடையை எல்லாம் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்பாள் பாவம்.

செபெரினாவுக்கு இதில் மருந்துக்கும் நம்பிக்கை கிடையாது. அதை வெளியே சொல்வாளா? சொன்னால் எந்த வீட்டுக்காரி துணி கொடுப்பாள்?

லோலெங்குக்கும் ஒரு வழியாகக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை மார்சியால், பாசிக் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுகிறவன். ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து, விறகு பிளந்து, மாமியாரின் ஏச்சையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவன். அன்னாசி நார்த் துணியில் மகளுக்கு உடை தைத்து முடித்த செபெரினாவுக்கு இடது தோள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் உள்ளவளுக்கெல்லாம் பிசகில்லாமல் தைத்துவிட்டு, பெற்ற மகளைக் கோணல் தோளோடு கோயிலுக்கு அனுப்புவதா?

"ஒரு நிமிஷம் மாட்டிக் காட்டுடி" என்றாள்.

"என்னுதையேவா? வேணாம்மா, பயமா இருக்கு."

"தையக்காரி மவளுக்கு என்னடி பயம்? ஊரு ஆயிரம் பேசும். மாட்டு."

மாட்டினாள். அழகு கண்ணைப் பறித்தது. செபெரினா தோளில் தையலைப் பிரித்துச் சரிசெய்தாள். வேலை மும்முரத்தில் ஜன்னலைச் சாத்தவில்லை. தெருவில் போன வண்ணாத்தி உடையில் நின்ற லோலெங்கைப் பார்த்துவிட்டாள்; பின்னால் குனிந்திருந்த செபெரினா அவள் கண்ணில் படவில்லை.

அந்த வாரமே புயல் வந்தது. படகு கவிழ்ந்தது. மார்சியாலின் உடல் கரை ஒதுங்கியது.

அடக்கம் முடிந்த கையோடு அவன் தாய் தியாகா வந்தாள். வண்ணாத்தி தான் பார்த்ததைச் சொல்லியிருந்தாள். தியாகா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். செபெரினாவை ஏறிட்டுப் பார்த்து, "நீ தொழில் தெரிஞ்சவ. நீ போட விட்டிருக்கமாட்ட. யாரு போடச் சொன்னா?" என்று கேட்டாள்.

பக்கத்து அறையில் வேறு மணப்பெண்களின் துணிகள் வெட்டிப் போட்டபடி கிடந்தன.

லோலெங் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "யாரும் சொல்லல அத்தை. ஆசையா இருந்துச்சு. அம்மா இல்லாதப்ப நானாத்தான் போட்டேன்" என்றாள்.

"எம் புள்ளைய முழுங்கிட்டியேடி" என்றாள் தியாகா.

நான்தான் போடச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. செபெரினாவுக்கு அது தொண்டைவரை வந்தது, வாய்க்கு வரவில்லை. இனி எவனும் பெண் கேட்டு வரமாட்டான், ஆயுசுக்கும் தன் மகளை ராசி கெட்டவள் என்பார்கள் என்று தெரிந்துதான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தியாகா படியிறங்கிப் போனாள்.

செபெரினா கதவைச் சாத்திவிட்டு மகளிடம் வந்தாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

லோலெங்கின் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"நீ குறுக்க விழுந்து இல்லேன்னு சொல்லுவேன்னு நெனச்சேம்மா."