நான் இறுக்கிய குமிழ்

சங்கரன்கோவில் வீட்டில், மாமனார் உரிமம் வாங்கி வெளியூர் நண்பர்களோடு பேசும் ஹாம் ரேடியோவில் அலைவரிசையைத் திருப்பும் குமிழ் மிகவும் தளர்வாக இருந்தது. என் இரண்டு வயது மகளின் கை பட்டாலே சுழன்றுவிடும். சாயங்காலம் அவர் பேசும் தூத்துக்குடி நண்பரின் குரல் பாதியில் காணாமல் போகும். நான்தான் குமிழைக் கழற்றி, பின்னால் கம்பளித் துணியை வட்டமாக வெட்டி வைத்து இறுக்கினேன்.

"இப்ப பிள்ளை தொட்டாலும் அசையாது, மாமா."

"எஞ்சினியரெல்லாம் ஒங்கிட்ட தோத்தான் தாயி!" என்று சிரித்தார்.

சில நாளில் ரேடியோ முன் உட்காருவதையே நிறுத்திவிட்டார். கேட்டால், "வானம் சரியில்லம்மா, ஒண்ணும் எடுக்க மாட்டேங்கு" என்பார். நம்பினேன்.

அடுத்த மாதம் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ரேடியோவைத் துடைத்தபோதுதான் பார்த்தேன். குமிழைச் சுற்றி சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுற்றியிருந்தார். மூட்டுவாதம் வந்த அந்த விரல்களுக்கு அப்படியும் பிடி கிடைத்திருக்காது.

துணியை எடுத்துவிட்டு, ரேடியோவைப் போட்டுத் திருப்பினேன். தூத்துக்குடி நண்பரின் குரல் வந்தது.

"சங்கரன்கோவில் அண்ணாச்சி, இருக்கீயளா? எத்தனை நாளா கூப்பிடுதேன்!"

பதில் பேச எனக்கு உரிமம் இல்லை. அந்தக் குரல் ஓயும்வரை நின்றேன்.

இன்றும் சாயங்காலமானால் அது கேட்கிறது, ரேடியோவை அணைத்திருந்தாலும். குமிழை இறுக்கிய அன்று மாமாவின் சிரித்த முகத்தைப் பார்த்துத்தான் நிம்மதியடைந்தேன். கையைப் பார்த்திருக்க வேண்டும்.