முப்பத்திரண்டாம் தேதி பிறந்தவர்

தொண்ணூறுகளின் கடைசி. வேலையில் சேர்ந்து ஐந்தாவது மாதம், புரொபேஷன் இன்னும் முடியவில்லை. வங்காளத்தில், கார்டன் ரீச் பக்கம் ஒரு தொழிற்சாலை, தொழிலாளர்களின் பழைய சர்வீஸ் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. பழைய ஆட்கள் பலருக்குப் பிறந்த தேதி வங்காள நாள்காட்டிப்படிதான் இருந்தது. அதை ஆங்கிலத் தேதியாக மாற்றுமுன் சரிபார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற விதியை நான்தான் எழுதினேன். நாள் 01 முதல் 31, மாதம் 01 முதல் 12, வருடம் நாலு இலக்கம். ஒரே வரி. அதில் எனக்கு அப்படியொரு பெருமை!

அந்த விதிக்குள் அடங்காதவை சேரும் ரிஜெக்ட் ஃபைலில் ஒரே ஒரு பெயர் விழுந்தது. நிதாய், வெல்டர். 32/03/1351.

"முப்பத்திரண்டாம் தேதியா? ஆளே டூப்ளிகேட்டும்மா," என்றார் மேனேஜர் ராகவன் சார். ஆள் போலி என்று தொழிற்சாலைக்கு லெட்டர் போனது. திங்கட்கிழமை முதல் நிதாயை உள்ளே விடக்கூடாது என்று தொழிற்சாலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நிதாய் எங்கள் ஆபீஸுக்கே வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ பையிலிருந்து ஒரு பழைய பஞ்சாங்கத்தை எடுத்தார். அவர் பிறந்த 1351, அதாவது ஆங்கிலக் கணக்கில் 1944-ம் வருடத்துப் பஞ்சாங்கத்தை அவர் அம்மா பத்திரமாக வைத்திருந்தாராம். மூன்றாவது மாதமான ஆஷாட் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். 30, 31, அதற்கு அடுத்து 32.

"பாருங்க திதி, இருக்கு. நான் பொய் சொல்லல," என்றார் வங்காளத்தில். அங்கே திதி என்றால் அக்கா.

வங்காளத்து ஆஷாட் என்றால் நம்முடைய ஆனி. லேக் மார்க்கெட் தமிழ் மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரில் ஆனி முப்பத்திரண்டை நானே கிழித்திருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரியை மனதில் வைத்துக்கொண்டு எழுதிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவருடையது போகும். பாத்ரூமில் நின்று பத்து நிமிஷம் அழுதேன். பிறகு கேபின் கதவைத் தட்டினேன்.

"கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு, இப்ப வந்து தப்புங்கறியா? என் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்கறது?" ராகவன் சார் கத்தினார்.

"என் தப்புன்னே எழுதிடுங்க சார். திங்கக்கிழமை அவர் உள்ள போகணும்," என்றேன்.

முறைத்துக்கொண்டே போனை எடுத்தார். சாயங்காலமே நோட்டீஸைக் கிழித்தார்கள். எனக்குப் புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது.

இப்போது புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ரிஜெக்ட் ஃபைலில் ஒரு பெயர் விழுந்தால், மேலே அனுப்புமுன் அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னபோது, ஐம்பதைத் தாண்டிய அந்த மனுஷர் பஞ்சாங்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அப்ப நான் பொறந்தது நிஜம்தானே, திதி?"