குணாவின் மவுத்பீஸ்

1. துப்பும் பாடம்

காற்று டேங்கோடு கடலுக்குள் நீந்தும் ஸ்கூபா வகுப்பில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது துப்புவதை. மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் துப்பி, விரலால் தேய்த்து, அலசிவிட்டுப் போட்டால் தண்ணீருக்குள் ஆவி படியாது. இருபது வருடத்துக்கு மேலாக மலேசியாவின் ஈப்போவில் ஒரு நீச்சல் குளத்தில் இதைச் சொல்லி வருகிறேன். எல்லோரும் முகம் சுளிப்பார்கள், அரை மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். குணாவுக்குப் பழகவில்லை.

குணசேகரன் பக்கத்து ஊரான சிம்பாங் பூலாயில் இருந்து வருபவர். நாற்பது வயது, அரசாங்க அலுவலகத்தில் வேலை. பிறந்து வளர்ந்தது சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பாட்டிலை உதட்டில் வைக்கமாட்டார், அண்ணாந்துதான் குடிப்பார், ஒரு சொட்டுக்கூடச் சட்டையில் விழாது. நானும் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டிலும் செம்பில் வாய் பட்டால் அம்மா முறைப்பார். அதனாலேயே அவரைக் கேலி செய்ய எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மற்றப் பயிற்சிகளில் அவர் கெட்டிக்காரர். மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதித் தள்ளுவது, தண்ணீருக்குள் அசையாமல் மிதப்பது எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டது. காற்றைப் பகிரும் பயிற்சியில்தான் நின்றுவிட்டார். நாம் மூச்சு விடுவது டேங்கோடு குழாயால் இணைந்த ரெகுலேட்டர் வழியாக. ஒன்று வாயில் இருக்கும். மஞ்சள் நிறத்தில் இன்னொன்று நெஞ்சருகே தொங்கும். கூட வருபவர் கழுத்தை வெட்டுவது போல் கையை அசைத்தால் காற்று இல்லை என்று அர்த்தம். உடனே மஞ்சளை அவரிடம் கொடுக்க வேண்டும். குணா கையை அசைப்பார், மஞ்சளை வாங்குவார், வாய் மட்டும் திறக்காது. தன் வாயில் வைப்பதை அவர் சொந்தமாக வாங்கியிருந்தார்.

"அக்கா, இது எத்தன பேரு வாய்ல போயிருக்கும்?"

"எண்ணிப் பாக்கல குணா. கழுவித்தான் வச்சிருக்கு."

"கழுவினது தெரியும்லா. பல்லு கடிக்க மாட்டேங்குது."

அடுத்த வாரம் புதிதாக ஒரு மவுத்பீஸ் வாங்கி வந்தார். ரெகுலேட்டரின் முனையில் பல்லால் கடித்துக்கொள்ளும் ரப்பர் துண்டு அது. "இத உங்க மஞ்சள்ல மாட்டுங்கக்கா. நீங்க சொல்றதெல்லாம் செய்றேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் டைவிங் கடை முதலாளி ராஜன் அண்ணன் சிரிக்கவில்லை.

"மாட்டிக் குடுலா. இதுல என்ன சூசா, என்ன கஷ்டம்?"

மாட்டினேன். அன்று ஐந்து முறை செய்தார், ஐந்தும் சரியாக வந்தது. பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு அவர் வகுப்புக்கு வரும்போது அந்த ரப்பரை மாட்டுவதும், மற்ற மாணவர்களுக்காகக் கழற்றுவதும் என் வேலையாகிவிட்டது.

2. பன்னிரண்டு மீட்டர்

மவுத்பீஸை மாட்டினால் மட்டும் போதாது. பிளாஸ்டிக் டை ஒன்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். கடலுக்குப் போன அன்று காலை லூமுட் படகுத்துறையில் என் மஞ்சளில் குணாவின் ரப்பரை மாட்டினேன். டை பெட்டி என் பையின் அடியில் இருந்தது. படகுக்காரர் கூப்பிட்டார். ஏறியதும் கட்டிக்கொள்ளலாம் என்று ஏறினேன். கட்டவில்லை.

கலங்கலான தண்ணீர். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பத்து நிமிடம் ஆகியிருக்கும், குணாவின் ரெகுலேட்டர் தானாகவே காற்றைக் கொட்ட ஆரம்பித்தது. குமிழிகளில் அவர் முகமே தெரியவில்லை. இப்படி ஆனால் டேங்க் சீக்கிரம் காலியாகிவிடும். அவர் பதறவில்லை. அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் நீந்தி வந்து கையை அசைத்தார். மஞ்சளைக் கொடுத்தேன். கடித்து இழுத்தார். ரெகுலேட்டர் கழன்று கீழே தொங்கியது. அவர் பல்லிடுக்கில் ரப்பர் மட்டும் இருந்தது.

என் வாயில் இருந்ததை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. உள்ளங்கையைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார்.

தண்ணீருக்குள் எனக்கு அப்படிக் கோபம் வந்ததே இல்லை. அவர் நெஞ்சுப் பட்டையைப் பிடித்து இழுத்து, என் ரெகுலேட்டரை அவர் வாயில் திணித்து, அதன் பொத்தானை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றினேன். மூச்சு விட்டார். பிறகு ரப்பர் இல்லாத மஞ்சளை உதட்டால் இறுக்கிப் பிடித்து மூச்சை இழுத்தேன். காற்றோடு கொஞ்சம் உப்புத் தண்ணீரும் வந்தது, ஆனால் காற்று வந்தது. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே வந்தோம்.

3. படகில்

மாஸ்க்கைக் கழற்றியதும் கேட்டேன்.

"உயிர் போற நேரத்துலயும் எச்சிலா பாத்தீங்க குணா?"

அவர் இருமி முடித்தார்.

"எச்சில் ஞாபகமே வரலக்கா. மஞ்சள் கழண்டு போச்சு. இருந்தது ஒண்ணுதான். அதயும் எனக்குக் குடுத்துட்டா நீங்க எதுல மூச்சு விடுவீங்க?"

மஞ்சள் ரெகுலேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "டை கட்டாதது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா. வாய்ல ரப்பர் மட்டும் நின்னப்பவே தெரிஞ்சிருச்சு."

அவருக்குக் காற்றை வாங்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கொடுத்தவர் அடுத்து என்ன செய்வார், ரப்பர் கழன்றாலும் அதில் மூச்சு விடலாம் என்றெல்லாம் சொல்லவே இல்லை. இப்போது முதல் வகுப்பிலேயே மவுத்பீஸைக் கழற்றிவிட்டு, வெறும் ரெகுலேட்டரில் நான் மூச்சு விடுவதை எல்லோரும் பார்க்கும்படி செய்கிறேன். ஒருவருக்காகப் பயிற்சியை எளிதாக்கி, பாஸ் போடுவதையும் விட்டுவிட்டேன்.

புதிதாக வரும் பயிற்சியாளர்களிடம் முதலில் டையைப் பற்றிச் சொல்வேன். தண்ணீரில் இறங்குமுன் ரப்பரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், யார் கூப்பிட்டாலும் காத்திருக்கட்டும். அடுத்ததாக, மாணவர் ஒன்றை மறுத்தால், மேலே வந்ததும் ஏன் என்று மட்டும் கேளுங்கள், பதிலை நீங்களே வைத்துக்கொண்டு கேட்காதீர்கள் என்பேன். நான் அப்படித்தான் கேட்டேன். நான் மூச்சு விட வேண்டும் என்று தன் மூச்சை வேண்டாம் என்றவரிடம், எச்சிலா பார்த்தீர்கள் என்று கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.